எதிர்க்கடைக்குப் போன அம்புக்குறிகள்

1

நம் ஊர்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு வெளிநாட்டில் இருப்பவர்கள் எழுதலாம் என்று அறிவித்திருந்தார்கள். சிங்கப்பூர்க்காரர்களும் துபாய்க்காரர்களும் வருடா வருடம் எழுதுகிறார்கள். நான் இருப்பது திருவனந்தபுரத்தில். பணகுடியில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து சேர்ந்துவிடலாம். இதையும் வெளிநாட்டுக் கணக்கில் சேர்ப்பீர்களா என்று சங்கச் செயலாளரிடம் போனில் கேட்டேன்.

"கொரோனா நேரத்துல இங்க வாரதுக்குப் பாஸ் கேட்டாங்கல்லா பெரியம்மா? பாஸ் கேட்டா அது வெளிநாடுதான். எழுதுங்க" என்றார்.

நான் படித்தது நாலாம் வகுப்பு. எழுத்துக் கூட்டி எழுதுவேன், மெதுவாக எழுதுவேன். மத்தியானம் கடை சாத்தியதும் ஒரு பக்கம், மறுநாள் இன்னொரு பக்கம். ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள் இதை வாசிக்க வேண்டாம்.

என்ன எழுதுவது என்று யோசித்தபோது என் மகள் செல்விதான் வழி சொன்னாள். அவள் நியூசிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். கொரோனா நேரத்தில் நாங்கள் செய்தது சரியா, உங்களுக்கு அப்போது எப்படி இருந்தது என்று அந்த நாட்டு அரசாங்கமே ஜனங்களிடம் கேட்டதாம். இஷ்டமுள்ளவர்கள் எழுதி அனுப்பினார்களாம்.

"உன்கிட்ட யாரும் கேக்கலைல்லாம்மா? அதை எழுது" என்றாள்.

என்னிடம் கேட்கவில்லை என்று அவள் சொன்னது சரியில்லை. அந்த வருடம் என்னிடம் கேட்ட அளவுக்கு உலகத்தில் எந்த அரசாங்கமும் எந்தக் கிழவியிடமும் கேட்டிருக்காது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

2

என் பெயர் தங்கம். கிழக்கேகோட்டை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் எனக்குக் கடை. தோசை, இட்லி, ரசவடை. கல்யாணம் முடிந்த மறுமாதம் இங்கே வந்தோம். அவர் கொரோனாவுக்குப் பத்தொன்பது வருடம் முன்பே போய்விட்டார். நானும் மகன் ராஜனும்தான் கடையை நடத்துகிறோம்.

ராஜன் படித்ததெல்லாம் மலையாளப் பள்ளிக்கூடம். தமிழ் பேசுவான், வாசிக்க மாட்டான். தூக்கத்தில் உளறினால்கூட மலையாளத்தில்தான் உளறுவான். செல்வி தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு வரை படித்ததால் அவளுக்கு வாசிக்க வரும். அவளுடைய பெண்ணுக்கு இரண்டும் இல்லை. போனில் முகத்தைக் காட்டி ஹாய் சொல்லிவிட்டு ஓடிவிடும். நான் குறை சொல்லவில்லை. நானும்தான் நாற்பது வருடத்துக்கு மேல் இங்கே இருந்தும் பஸ்ஸின் நிறத்தையும் டிரைவரின் முகத்தையும் பார்த்து ஏறுகிறேன். மலையாள எழுத்து என்னைப் பார்த்து ஜிலேபி மாதிரி சிரிக்கும்.

என் கடைக்கு நேர் எதிரே லீலாவின் கடை. புட்டு, கடலை, அப்பம். லீலா மலையாளத்துக்காரி, என்னைவிட நான்கு வயது இளையவள். எங்கள் சண்டை இந்தச் சந்தில் பேர் போனது. ஆரம்பத்தில் சாக்கடைத் தண்ணீரில் தொடங்கியது. பிறகு தினமும் காலையில் நடக்கும்.

"பாண்டிக்குச் சாம்பார் வைக்கத் தெரியுமோ? வெள்ளத்தில பருப்பு நீந்துன்னு!" என்று அவள் வாசலில் நின்று கத்துவாள். பாண்டி என்றால் தமிழாள், வெள்ளம் என்றால் தண்ணீர்.

"உன் புட்டைத் தின்னவன் தொண்டையில வாரியல் குச்சியை விட்டுல்லா தள்ளணும்!" என்று நான் கத்துவேன்.

கட்டட வேலைக்கு வந்த நம் பிள்ளைகள் எல்லாம் என் பக்கம். ஆட்டோக்காரர்கள் அவள் பக்கம். ரோஷத்தில் இரண்டு வடை கூடுதலாகத் தின்பார்கள். ராஜன் இதை உண்மை என்று நம்பி லீலாவின் மகன் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை. அந்தப் பையனோடு பேச்சும் கிடையாது.

இப்போது உண்மையைச் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் இறந்த மூன்றாம் நாள் லீலா பின்வாசல் வழியாகக் கஞ்சி கொண்டுவந்தாள். குடிக்கும்வரை போகவில்லை. அன்றையிலிருந்து தினமும் பிற்பகல் மூன்று மணிக்கு இரண்டு கடையும் சாத்திய பிறகு, ராஜன் உறங்குகிற நேரத்தில், நான் கோவில் பக்கம் போவதுபோலச் சந்து வழியே சுற்றி லீலாவின் பின்வாசலில் நுழைவேன். அவளுடைய அடுக்களையில் ஒரு மணி நேரம். அவள் எனக்குப் புட்டு தருவாள். நான் அவளுக்கு ரசவடை கொண்டுபோவேன். காலையில் யார் நன்றாகத் திட்டினோம் என்று பேசிச் சிரிப்போம்.

"இன்னு சேச்சி ஒந்நும் சொல்லலை, ஆட்டோக்காருக்கு விஷமம் ஆயி" என்பாள். நான் அன்று சரியாகத் திட்டாததில் ஆட்டோக்காரர்களுக்கு வருத்தமாம். மறுநாள் இரண்டு வார்த்தை கூட்டித் திட்டுவேன்.

லீலாவின் வீட்டுக்காரர் கோபியண்ணனும் எங்களோடு இருப்பார். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த மனிதர், கடை வேலை செய்யக் கூடாது. எனக்கு மலையாள எழுத்து தெரியாது என்பதால் முக்காலியில் உட்கார்ந்து பேப்பரை உரக்க வாசித்துக் காட்டுவார். உலகம் எனக்கு வந்ததெல்லாம் அந்த முக்காலியில் இருந்துதான்.

3

கொரோனாவும் அப்படித்தான் வந்தது. முதலில் கோபியண்ணன் வாயிலிருந்து வந்தது.

ஒவ்வொரு நாட்டு அரசாங்கமும் என்ன செய்கிறது என்று தினமும் வாசிப்பார். நியூசிலாந்து கதவைச் சாத்திவிட்டது, சொந்த ஜனங்களே உள்ளே வர ஓட்டல் அறைக்கு வரிசையில் நிற்கிறார்கள் என்பார். செல்வி அங்கேதானே, அந்த வரியை இரண்டு தடவை வாசிக்கச் சொல்வேன். வளைகுடாவில் வெளியே இறங்க போனில் அனுமதி வாங்க வேண்டும் என்பார். சுவீடனில் கடைகளையே மூடவில்லை என்று ஒருநாள் வாசித்தார்.

"அது எந்தரு அரசாங்கம்?" என்றாள் லீலா.

"அங்க ஜனங்களே பாத்து நடந்துக்குவாங்களாம்" என்றேன்.

"அங்க சந்து உண்டோ சேச்சி? ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் ஒரு மைல் காணும். நியூசிலாந்துக்காரன் மூடி போட்டு வேகவைக்கும். சுவீடன்காரன் திறந்து வச்சு வேகவைக்கும். நம்மட ஆளு நிமிஷத்துக்கு நிமிஷம் மூடியைத் திறந்து பாக்கும்."

லீலா சமையல்காரி என்பதால் அவளுக்கு எல்லாம் அடுப்புதான். ஆனால் அவள் சொன்னது சரி. எங்கள் முதலமைச்சர் தினமும் சாயங்காலம் டிவியில் வந்து எத்தனை பேர், எந்த ஊர், எப்படி வந்தது என்று பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி ஒப்பித்துவிட்டுப் போவார். சந்தில் எல்லா வீட்டிலும் அந்தக் குரல்தான். நியூசிலாந்திலும் பிரதமர் தினமும் வந்து பேசினார் என்று செல்வி சொன்னாள். அங்கே மத்தியானம், இங்கே சாயங்காலம், அதுதான் வித்தியாசம்.

எங்களைப் போல வெளியூரிலிருந்து வந்து வேலை செய்கிறவர்களுக்கு இங்கே அரசாங்கம் அதிதி என்று பேர் வைத்தது. விருந்தாளி என்று அர்த்தம். ஒருநாள் வார்டிலிருந்து ஒரு பையன் அதிதிகளுக்கான பட்டியல் எழுத வந்து என் பெயரையும் கேட்டான்.

"தம்பி, நான் விருந்தாளி கெடையாது. எனக்கு ரேஷன் கார்டு இருக்கு. உன்னைய உங்கம்மை பெத்த ஆஸ்பத்திரிக்குத் தோசை கொண்டு போனது நான்" என்றேன்.

பையன் சிரித்துக்கொண்டே என் பெயரை அடித்துவிட்டான். அடித்த பிறகுதான் அந்தப் பட்டியலில் உள்ளவர்களுக்குச் சாப்பாடு இலவசம் என்று தெரிந்தது. போகட்டும். கௌரவத்தை விட்டுவிட்டுச் சோறு வாங்க எனக்குத் தெரியாது.

கடைகள் பார்சலுக்கு மட்டும் திறந்தன. லீலாவுக்கு அதோடு வார்டு சமையல் வேலையும் கிடைத்தது. வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது என்று அடைத்து வைத்திருந்தவர்களுக்கு அவள்தான் சோற்றுப் பொதி கட்டினாள். அந்தப் பொறுப்பில் அவளுக்கு நல்ல பெருமை. மூன்று மணிச் சந்திப்பு மட்டும் நிற்கவில்லை. வழி நெடுக மாஸ்க் போட்டுக்கொண்டுதான் போவேன். உள்ளே போனதும் கழற்றிவிடுவேன். மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு புட்டுத் தின்ன முடியுமா? அந்தத் தப்பு என்னுடையதுதான், மறைக்கவில்லை.

4

கடைக்காரர்களுக்கு மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதனை செய்தார்கள். எங்கள் பக்கத்துக் கடைகளில் சிலருக்குத்தான் செய்தார்கள், அதில் நானும் ஒருத்தி. எனக்குக் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. இரண்டாம் நாள் காலையில் போன் வந்தது. பாசிட்டிவ்.

நீங்கள் போன இடம், பார்த்த ஆள் எல்லாவற்றையும் கேட்க இன்னும் ஒரு மணி நேரத்தில் சுகாதாரத் துறையில் இருந்து கூப்பிடுவார்கள், யோசித்து வையுங்கள் என்றார்கள். அன்று இங்கே அது ஒரு பெரிய ஏற்பாடு. நோயாளி போன இடமெல்லாம் மணி போட்டு, அம்புக்குறி போட்டு, படம் வரைந்து வெளியிடுவார்கள். ரூட் மேப் என்று பேர். ஆள் பேர் இருக்காது. ஆனால் சந்துக்குத் தெரியாமல் போகுமா?

நான் முதலில் லீலாவைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"அக்கா" என்றாள். சேச்சி என்பவள் அன்றைக்கு அக்கா என்றாள். "என் பேர் பறயண்ட. எனக்கு ஒரு அசுகமும் இல்ல. பேர் வந்தா வார்டு அடுக்களையைப் பூட்டும். ஐம்பது வீட்டுக்குப் பொதி ஆரு கொடுக்கும்? பின்னே எனக்கு அந்த வேலை திரும்பக் கிட்டுமோ?"

"கோபியண்ணனுக்கு?"

"சேட்டன் நல்லா இருக்கு. நான் நோக்கிக்கிடும். பறயண்ட, கேட்டோ."

தன் பேரைச் சொல்லாதே என்கிறாள். நான் 'ம்' என்றேன். அந்த 'ம்' எனக்கே பிடிக்கவில்லை.

நர்ஸ் கூப்பிட்டாள். குரலைக் கேட்டால் சின்னப் பெண். பாறசாலைப் பக்கத்துக்காரி, இரண்டு பாஷையும் கலந்து பேசினாள்.

"அம்மே, நீங்க எப்போ தமிழ்நாட்டில இருந்து வந்தது?"

"கல்யாணம் முடிஞ்ச மறுமாசம்."

"எப்போ கல்யாணம்? இந்த மாசமோ?"

"நாப்பத்திரெண்டு வருஷம் ஆச்சு மோளே."

"அய்யோ, கம்ப்யூட்டர்ல பதினாலு நாள்தானே உள்ளு!"

சிரித்துவிட்டோம். பிறகு அவள் ஒவ்வொரு நாளாகக் கேட்டாள். நான் காலையிலிருந்து சொல்லிக்கொண்டே வந்தேன். மாவு ஆட்டினது, பால் வாங்கினது, பார்சல் கொடுத்தது.

"மூணு மணி தொட்டு நாலு மணி வரை?"

"உறக்கம்" என்றேன்.

"எல்லா நாளும் உறக்கமோ?"

"எல்லா நாளும்."

அவள் எழுதிக்கொண்டாள். எனக்கு ஆம்புலன்ஸ் சாயங்காலம் வரும் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

5

துணிமணி எடுத்து வைத்துக்கொண்டிருக்கும்போது செல்வி கூப்பிட்டாள். அங்கே ராத்திரிச் சாப்பாட்டு நேரம். நான் அழுவேன் என்று நினைத்து அவளே வேறு பேச்செல்லாம் பேசினாள்.

"இங்க அவங்க கேக்கதுக்கு முன்னாலயே தயாரா இருக்கணும்மா. எங்க போனோம், யாரைப் பாத்தோம்னு நாங்களே எழுதி வச்சுக்கிடணும். உங்க குமிழிக்குள்ள யார் இருக்காங்கன்னு பாத்துக்குங்க, அதை உடைக்காதீங்கன்னு கவர்மெண்ட் சொல்லுது."

"அது என்ன குமிழி?"

"சோப்புத் தண்ணியில வருமே, அது. கூட இருக்கிறவங்க எல்லாம் ஒரு குமிழி. ஒருத்தருக்கு வந்தா உள்ள இருக்கிற எல்லாருக்கும் வரும். எங்க குமிழியில மூணு பேரு. உன் குமிழியில யாரும்மா?"

"ராஜன்."

"அவ்வளவுதானா?"

எனக்கு அந்த முக்காலி கண்முன் வந்தது. பேப்பரை வாசிக்கும்போது கோபியண்ணனுக்கு மூச்சு வாங்கும். இரண்டு வரி வாசித்து நிறுத்தி, தண்ணீர் குடித்து, மறுபடி வாசிப்பார். அதை எனக்காகத்தான் வாசித்தார். நான் அவருக்கு ஒரு கை தூரத்தில் மாஸ்க் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

"அம்மா? லைன்ல இருக்கியா?"

"போனை வை செல்வி. ஒரு ஆளைக் கூப்பிடணும்."

நர்ஸ் கூப்பிட்ட நம்பரை அழுத்தினேன். 

"மோளே, மூணு மணிக்கு நான் உறங்கலை."

"பின்னே?"

"எதிர்க்கடை லீலாவோட அடுக்களையில இருந்தேன். பின்வாசல் வழியாப் போவேன்."

"எத்தனை தடவை அம்மே?"

"பத்தொம்பது வருஷமா."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. மெதுவாகச் சொன்னாள். "பதினாலு நாள் மட்டும் பறஞ்சா போதும்."

கோபியண்ணனின் ஸ்டென்ட், வார்டு சமையல், எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஐம்பது வீட்டுக்குச் சோறு நிற்கக் கூடாது என்று அழுத்திச் சொன்னேன். வேறு அடுக்களைக்கு மாற்றிவிடுவோம், பட்டினி போடமாட்டோம் என்றாள். சொன்னபடி செய்தார்கள்.

போனை வைத்துத் திரும்பினால் ராஜன் நிற்கிறான். எல்லாம் கேட்டிருக்கிறான்.

"அம்மா, லீலாம்மா மகன்கூட நான் பன்னெண்டு வருஷமாப் பேசலை. ஆருக்கு வேண்டி?"

"எனக்கு வேண்டித்தாம்ல. நல்ல புள்ளை" என்றேன். 

6

ரூட் மேப் மறுநாள் எல்லோருடைய போனிலும் வந்துவிட்டது. நான் அப்போது ஒரு பெரிய மண்டபத்தில், வரிசையாகக் கட்டில் போட்ட இடத்தில் இருந்தேன். பக்கத்துக் கட்டில் பெண் போனைத் தூக்கிக் காட்டினாள். வட்டம் வட்டமாக நாட்கள். எல்லா நாளிலும் மூன்று மணிக்கு ஒரு அம்பு புறப்பட்டு எதிர்க்கடையின் பின்வாசலில் போய்க் குத்தியது.

சந்தில் என்ன நடந்தது என்பதை, நோயில்லை என்றாலும் வீட்டில் அடைபட்டிருந்த ராஜன் ஜன்னல் வழியாகக் கேட்டுப் போனில் சொன்னான். ஆட்டோக்காரர்கள் முதலில் நம்பவில்லையாம். எதிரிக் கடையைப் பூட்ட வைக்கத்தான் பாண்டியம்மை பொய் சொல்லியிருக்கிறாள் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். இன்னொருவர், பொய் சொல்கிறவள் தினமும் மூன்று மணி, பின்வாசல் என்று இவ்வளவு துல்லியமாகச் சொல்லுவாளா என்று கேட்டாராம். கடைசியில் எல்லோரும் சேர்ந்து, இத்தனை வருடம் நம்மை வைத்து நாடகம் ஆடியிருக்கிறார்கள் என்று கோபப்பட்டிருக்கிறார்கள்.

கோபியண்ணனுக்குப் பரிசோதனை செய்ததில் நோய் இருந்தது. காய்ச்சல் இல்லை. ஆனால் விரலில் கிளிப் மாட்டிப் பார்த்தபோது ஆக்சிஜன் அளவு குறைந்துவிட்டது என்று உடனே மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுபோனார்கள். லீலாவுக்கும் லேசாக இருந்தது. அவளை வேறொரு இடத்தில் வைத்தார்கள். நான் தினமும் போன் செய்தேன். லீலா ஒருநாளும் எடுக்கவில்லை.

அந்தப் பத்து நாளும் எனக்கு நோயைவிட அதுதான் நோய். மண்டபத்தில் எல்லாம் நன்றாகவே நடந்தது. மூன்று வேளையும் சாப்பாடு வந்தது. உப்புமாவில் உப்பில்லை என்று நான் வாலண்டியர் பெண்ணிடம் சண்டை போட்டேன். உப்பு சரியாக இருக்கிறது அம்மச்சி என்று எல்லோரும் சொன்னார்கள். ஊறுகாய் வாங்கி நக்கிப் பார்த்தேன். அதுவும் மண்ணாக இருந்தது. அப்போதுதான் எனக்கு நாக்கு போய்விட்டது என்று தெரிந்தது.

7

கோபியண்ணன் மூன்று வாரம் கழித்து வீடு வந்தார். மெலிந்து போயிருந்தார், ஆனால் வந்துவிட்டார். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் ஆள் இல்லை என்று டாக்டர் சொன்னதாக ராஜனிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

இரண்டு கடையும் மறுபடி திறந்தன. லீலா என்னைப் பார்க்கவில்லை. திட்டவும் இல்லை. அத்தனை வருடம் பொய்யாகச் சண்டை போட்டவர்களுக்கு நிஜச் சண்டை போடத் தெரியவில்லை. சந்து அப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. ஆட்டோக்காரர்கள் பாவம், அங்கேயும் இங்கேயும் பார்த்துக்கொண்டு சத்தமில்லாமல் தின்றுவிட்டுப் போனார்கள்.

என் கடையில் வேறு பிரச்சினை. எனக்கு ருசி தெரியவில்லை. கைக்கணக்கில் உப்புப் போட்டேன். நாற்பது வருடக் கை, தப்பாது என்று நினைத்தேன். ராஜனைக் கேட்டால் "எல்லாம் கொள்ளாம்மா" என்பான், நன்றாக இருக்கிறதாம். தாய் மனம் நோகக் கூடாது என்று நினைக்கிற பிள்ளையிடம் சாம்பாரைக் கொடுத்து என்ன பயன்? கட்டட வேலைப் பிள்ளைகள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இலையில் பாதி மிச்சம் இருந்தது. ஒவ்வொருவராக எண்ணிக்கை குறைந்தது. யாரிடமும் போய் என் நாக்கு செத்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. சமையல்காரி அதை எப்படிச் சொல்லுவாள்?

ஒருநாள் காலை, ஆட்டோக்காரர்கள் புட்டுக்குக் காத்து நிற்கும் நேரத்தில், லீலா முன்வாசல் வழியாகத் தெருவைக் கடந்து வந்தாள். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கரண்டியை எடுத்துச் சாம்பாரைக் கலக்கி, உள்ளங்கையில் ஊற்றி நக்கினாள். கண்ணை மூடித் திறந்தாள்.

"உப்பு கூடிப் போச்சு. ரெண்டு கிழங்கு அறுத்து இடு."

நான் உருளைக்கிழங்கை எடுத்தேன். கத்தி எங்கே என்று தெரியவில்லை. அவளே எடுத்து வெட்டினாள்.

"கோபியண்ணன் எப்படி இருக்காவ?" என்று கேட்டேன்.

"பேப்பர் வாசிச்சுக் கேக்க ஆளில்லன்னு என்னைத் திட்டுன்னு." கிழங்கைச் சாம்பாரில் போட்டாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள். "நீங்க பறஞ்சது நல்லதாணு. எனக்குத் தெரியும். ஆனா நான் பறயண்டான்னு பறஞ்சதல்லே?"

"ஆமா. நான் கேக்கலை."

"கேக்கலை" என்றாள். "இனி காலையில ஆறு மணிக்கு நான் வந்து நோக்கும். எனக்கு ஒரு சாயா வேணும். சக்கரை ஒரு ஸ்பூன். நீங்க இடண்ட, நானே இட்டுக்கிடும். உங்க இலையில மிச்சம் கிடக்கறதை நான் நித்தமும் பாக்குன்னு, உங்க நாக்கை நம்ப முடியாது."

எதிர் வரிசையிலிருந்து ஒரு ஆட்டோக்காரர், "லீலாம்மே, பாண்டிச் சாம்பாரில பருப்பு நீந்துன்னோ?" என்று கத்தினார்.

"முங்கிச் செத்து!" என்று லீலா கத்தினாள். அன்று அந்தச் சந்தில் சிரிக்காத ஆள் இல்லை. ராஜன் உட்பட. அவன் எழுந்து போய் எதிர்க்கடையில் நின்ற லீலாவின் மகனிடம் ஒரு தீப்பெட்டி கேட்டான். எங்கள் கடையில் தீப்பெட்டி ஒரு பெட்டி நிறைய இருந்தது.

அது முடிந்து வருடங்கள் ஆகிவிட்டன. நியூசிலாந்து கதவைத் திறந்தது, செல்வி இரண்டு தடவை வந்து போய்விட்டாள். எந்த அரசாங்கம் செய்தது சரி என்று படித்தவர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள் என்று கோபியண்ணன் வாசிக்கிறார். மூடியதும் சரி, திறந்ததும் சரி என்று ஆளுக்கொரு பக்கம் பேசுகிறார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். எனக்கு வாய்த்தது கேள்வி கேட்கிற அரசாங்கம். விடாமல் கேட்டது, நான் திரும்பக் கூப்பிட்டபோதும் அந்த நர்ஸ் பெண் போனை எடுத்தாள். அதற்கு ஒரு கும்பிடு.

லீலா இன்றைக்கும் ஆறு மணிக்கு வந்தாள். முன்வாசல் வழியாகத்தான். கையில் ஊற்றி நக்கி, ஒரு சிட்டிகை உப்புப் போடச் சொன்னாள். போட்டேன். அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது, ஏனென்றால் அவள் வருவதற்கு முன்பே நான் ருசி பார்த்துவிட்டேன். எனக்கு நாக்கு நாலாம் மாதமே திரும்பிவிட்டது. இதை அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.